சனத்நகர் முதல் ஸ்கார்பரோ வரை நான்கு நைலான் புஷ்கள்

செவ்வாய், காலை 4.10, மாரெட்பள்ளி

வாடகைக் காரின் டிக்கியில் என் சூட்கேஸைத் தூக்கி வைத்த ஓட்டுநர் இம்ரான் பாய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். “க்யா அம்மா, பத்தராங் பரே க்யா?” என்றார். உள்ளே கல்லையா நிரப்பி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். கல் இல்லை, எஃகு. ஒன்றரைக் கிலோ எடையில் ஓர் அளவுக் கட்டை, நுண்ணளவு பார்க்கும் ஒரு வெர்னியர், மூன்று வெள்ளை நைலான் புஷ்கள், அவற்றைச் சுற்றி என் கம்பளிச் சால்வை. மிச்சமிருந்த இடத்தில் ஆவக்காய் ஊறுகாயும் இரண்டு கிலோ உஸ்மானியா பிஸ்கட்டும். நான்காவது புஷ் என் கைப்பையில் இருந்தது. பெட்டி தொலைந்துபோனாலும் ஒன்றாவது ஊர் போய்ச் சேரட்டும் என்ற ஏற்பாடு.

புஷ் என்றால் பெரிய விஷயம் எதுவுமில்லை. சுழலும் தண்டு உரசாமல் இருக்க அதன் மேல் மாட்டும் குழாய்த் துண்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக விமானம் ஏறப்போகிறேன், அதுவும் கனடாவுக்கு.

சனத்நகர் தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு பேர் வேலை செய்யும் ஓர் எஞ்சினியரிங் பட்டறையில் நான் தர ஆய்வாளர். இருபத்தாறு வருடம் ஆகிறது. தாத்தா ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வே வேலைக்காக செகந்திராபாத் வந்தவர். அப்பாவும் ரயில்வே ஆள். அளவு பார்ப்பது எங்கள் ரத்தத்திலேயே ஊறியது என்று நான் சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொல்வதில்லை. கொட்டகையை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு உருப்படியிலும் ஓர் அட்டை தொங்கும். அதில் ‘ஓகே’ என்று எழுதி, கீழே ‘கே.எம்.’ என்று போடுவது என் கை. கஸ்தூரி முரளி. அந்த இரண்டெழுத்து இல்லாமல் ஒரு வாஷர்கூட வாசல் தாண்டாது.

டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் சிவநேசன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் பரோட்டா செய்து, உறைய வைத்து, பாக்கெட்டில் விற்கும் தொழிற்சாலை நடத்துகிறார். மாவை உருண்டை உருண்டையாக வெட்டித் தள்ளும் இயந்திரம் நாங்கள் செய்து கொடுத்தது. வெண்கல புஷ் தேய்ந்து மாவில் தூள் விழுகிறது, நைலானில் செய்து அனுப்புங்கள் என்று கேட்டார். மார்ச்சில் ஒரு ஜோடி அனுப்பினோம். தண்டில் ஏறவில்லை என்றார். ஏப்ரலில் இன்னொரு ஜோடி. அதுவும் ஏறவில்லை. உள் துளை சிறிதாக இருக்கிறது என்று தன் வெர்னியரை வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். நான் அளந்தபோது 60.10 மில்லிமீட்டர், அவருடைய படத்தில் 59.92. “உங்க வெர்னியர் தேஞ்சு போயிருக்கும், மாத்துங்க” என்று போனில் நான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அதற்கு மேல் அவர் என்னிடம் பேசவில்லை. எங்கள் முதலாளி ராவ் சாரிடம் பேசினார். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு பெரிய கடைத்தொடரின் ஆட்கள் தொழிற்சாலையைப் பார்க்க வருகிறார்கள். அன்று இயந்திரம் ஓடாவிட்டால் அவருக்கு அந்த ஆர்டர் இல்லை. எங்களிடம் கேட்டிருந்த புதிய இயந்திரங்கள் நான்கும் வேண்டாம். அந்த நான்கு இயந்திரம் எங்கள் கொட்டகைக்கு அரை வருட வேலை.

“கஸ்தூரி காரு, சைன் மீதி. மீரே வெள்ளண்டி” என்றார் ராவ் சார். கையெழுத்து உங்களுடையது, நீங்களே போங்கள் என்று தீர்ப்பு. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “போறேன் சார். என் கையால ஏத்திக் காட்டறேன். இந்தத் தடவையும் ஏறலைன்னா, இனிமே எந்த அட்டையிலயும் என் எழுத்து இருக்காது” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கடைசல் லேத்துகளின் சத்தம்கூடக் குறைந்தமாதிரி இருந்தது.

டிக்கெட் வந்ததும் ராவ் சார் இன்னொரு வேடிக்கை செய்தார். காலை 7.45 புறப்பாடு, அதே நாள் மாலை 7.00 டொரண்டோ என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “பதினொன்றேகால் மணி நேரம்தான்! சென்னைக்கு ரயிலில் போகிற மாதிரி” என்று சிவநேசனுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். அங்கே கடிகாரம் ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, உண்மையில் இருபதே முக்கால் மணி நேரம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. லாபமாக வருகிற கணக்கை அவர் திருப்பிப் பார்க்க மாட்டார்.

காலை 5.05, ஷம்ஷாபாத்

மாரெட்பள்ளியிலிருந்து விமான நிலையம் சுமார் நாற்பது கிலோமீட்டர். கட்டணம் 1,240 ரூபாய். வழியில் இம்ரான் பாய் நூற்றுப் பத்தைத் தொட்டபோது, “ஜல்தி நக்கோ பாய், ஆராமா போங்க” என்று வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். “ஹவ் அம்மா” என்று தலையாட்டிவிட்டு அதே வேகத்தில்தான் போனார். விமானத்துக்குப் பயந்துகொண்டு புறப்பட்டவள் காருக்குப் பயந்துகொண்டு போய் இறங்கினேன்.

பாதுகாப்புச் சோதனையில் கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் காவலர் புஷ்ஷை எடுத்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். “இது என்ன?” என்று இந்தியில் கேட்டார். பரோட்டா மிஷினின் பாகம் என்றேன். பரோட்டா என்ற சொல் நல்ல வேலை செய்தது. சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காலை 7.52, வானத்தில்

ஏழு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. இருக்கைக்கு முன்னால் இருந்த சின்னத் திரையில் லண்டனுக்கு 7,750 கிலோமீட்டர், பத்தரை மணி நேரம் என்று வந்தது. எனக்கு இந்தத் திரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. உயரம், வேகம், மீதித் தூரம், வெளியே வெப்பநிலை என்று நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து சொல்கிறது. அளந்து சொல்கிற எதையும் நான் நம்புவேன். மற்றவர்கள் எல்லாரும் படம் பார்த்தார்கள். நான் பத்து மணி நேரமும் அந்த எண்களையே பார்த்துக்கொண்டு போனேன்.

பக்கத்து இருக்கையில் லதா என்ற பெண், வயது முப்பத்தைந்து இருக்கும். பட்டான்செருவில் மருந்துத் தொழிற்சாலையில் வேதியியலாளர், வேலை விஷயமாக லண்டன் போகிறாள். விமானம் கிளம்பும் முன் என் மகனிடம் போனில் நான் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு அவளே பேச்சுக் கொடுத்தாள். பெற்றோர் திருச்சிப் பக்கமாம், இவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஐதராபாத்திலேயாம்.

“ஆன்ட்டி, எனக்கு தமிழ் ஃபுல்லா அர்த்தம் ஆகும். மாட்லாடறதுதான் கொஞ்சம் கஷ்டம்” என்றாள். புரியுமாம், பேசுவதுதான் கஷ்டமாம். என் மகனும் இதே ரகம்தான், நான் தமிழில் திட்டினால் அவன் இந்தியில் மன்னிப்புக் கேட்பான். அதைச் சொன்னதும் சிரித்தாள். பிறகு நான் எதற்காகப் போகிறேன் என்று கேட்டாள். கைப்பையிலிருந்து புஷ்ஷை எடுத்துக் காட்டி, மார்ச்சிலிருந்து நடந்த கதை முழுவதையும் சொன்னேன். தேய்ந்த வெர்னியர் கதையைக் கொஞ்சம் ரசித்தே சொன்னேன்.

அவள் புஷ்ஷில் தொங்கிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “டெம்பரேச்சர் எங்க ஆன்ட்டி?”

“எதுக்கு?”

“எங்க யூனிட்ல ஒரு நம்பர் எழுதினா பக்கத்துல டெம்பரேச்சர் எழுதணும். தேதி மறந்தாக்கூட விட்டுடுவாங்க. இது இல்லன்னா பேப்பரையே கிழிச்சிடுவாங்க.”

“மாத்திரை மருந்துக்கு அது சரிம்மா. இது பட்டறைச் சாமான். இருபத்தாறு வருஷமா நாங்க எழுதினதே இல்ல” என்றேன். அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. எழுதியது இல்லை என்பதை ஒரு பெருமை மாதிரி சொன்னது இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

திரையில் வெளியே வெப்பநிலை மைனஸ் 54 என்று காட்டியது. அதைப் பார்த்து “அம்மாடி” என்று சொல்லிவிட்டு, இரண்டாவது தடவையாகக் கொடுத்த காலை உணவைச் சாப்பிட்டேன்.

மதியம் 1.55, லண்டன்

என் கைக்கடிகாரத்தில் மாலை 6.25. அதை நான் மாற்றவில்லை. கிளம்பிய ஊரின் நேரம் ஒன்றாவது நிலையாக இருந்தால்தான் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியும். சனத்நகரில் இந்நேரம் ஷிப்ட் முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்கு நிற்பார்கள். இங்கே வெயில் உச்சியில் இருந்தது. லதா என் எண்ணை வாங்கிக்கொண்டு, “ஏறிச்சுன்னா மெசேஜ் பண்ணுங்க ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த விமானம் நாலு மணிக்கு. ஒரு காபி நாலு பவுண்டு இருபது பென்ஸ். அந்தக் காசுக்கு மாரெட்பள்ளியில் எங்கள் குடும்பமே உட்கார்ந்து டிபன் சாப்பிடலாம். காபியும் சுமார்தான்.

டொரண்டோவுக்கு இன்னும் 5,700 கிலோமீட்டர், எட்டு மணி நேரம். சூரியன் எங்களுக்குப் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது, மறைவேனா என்றது. நான் பாதி வழியில் தூங்கிப்போனேன். விழித்தபோதும் அதே வெயில்தான். ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டு, அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு மொத்தம் முப்பத்து மூன்றரை மணி நேரம் நீடித்தது. என் வாழ்நாளில் அதைவிட நீளமான நாள் ஒன்று இருந்ததில்லை.

மாலை 7.00, டொரண்டோ

சொன்ன நேரத்துக்குத் தரையைத் தொட்டோம். எனக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம். 13,450 கிலோமீட்டர் தாண்டி, யார் துணையும் இல்லாமல் வந்து இறங்கிவிட்டேன். குடியேற்ற அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று கேட்டதற்கு, “என் அளவு சரி என்று காட்டுவதற்கு” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் இன்னொரு தடவை கேட்டார். இயந்திரப் பழுது என்று திருத்திச் சொன்னேன்.

சூட்கேஸ் பெல்ட்டில் தலைகீழாக வந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே புஷ் விரிசல் விட்டிருந்தால் என்ன செய்வது? அங்கேயே ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்த் திறந்தேன். போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். ஆவக்காய் பத்திரம், பிஸ்கட் பாதி தூள், சால்வைக்குள் மூன்று புஷ்களும் முழுசாக இருந்தன. தொட்டால் சில்லென்றிருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று அளவுக் கட்டையை எடுத்தேன். அது சிவநேசனின் தண்டுக்குச் சமமான அளவில் கடைந்த எஃகுத் துண்டு, சரியாக 60 மில்லிமீட்டர். புறப்படுவதற்கு முன் சனத்நகரில் நான்கு புஷ்களிலும் அதை விட்டுப் பார்த்திருந்தேன். நான்கிலும் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

இப்போது முதல் புஷ்ஷில் போகவில்லை. திருப்பிப் போட்டேன், போகவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அதே கதை. கைப்பையிலிருந்த நான்காவதை எடுத்து வைத்தேன். கொஞ்சம் இறுக்கமாக, ஆனால் போயிற்று.

ஒரே கம்பியிலிருந்து வெட்டிய நைலான், ஒரே லேத், ஒரே நாள், ஒரே கை. என் மடியில் வந்தது போகிறது, விமானத்தின் வயிற்றில் வந்தது போகவில்லை. பெல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது, நான் தரையில் குந்தியபடி இரண்டு புஷ்களையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று வெதுவெதுப்பு, ஒன்று சில்லிப்பு. லதாவின் குரல் காதில் கேட்டது. டெம்பரேச்சர் எங்க ஆன்ட்டி?

நாங்கள் இத்தனை வருடமும் இரும்பிலும் வெண்கலத்திலும் வேலை செய்தவர்கள். அவையும் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், ஆனால் எங்கள் வேலைக்குக் குறுக்கே வருகிற அளவு இல்லை. நைலான் இரும்பைப்போல ஏழெட்டு மடங்கு சுருங்குகிற பொருள். ஐதராபாத்தின் கோடையில், தகரக் கூரைக்குக் கீழே நாற்பது டிகிரியில், விரிந்து கிடந்த நைலானை அளந்து நான் ‘ஓகே’ போட்டேன். சிவநேசனின் இயந்திரமோ குளிர் அறையில் நிற்கிறது. வெண்ணெய் உருகாமல் இருக்க நான்கு டிகிரி. போனில் அவர் அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அது மாவுக்கு என்று நான் விட்டுவிட்டேன். அவருடைய வெர்னியர் தேயவில்லை. நான்தான் தப்பு.

இருபத்தாறு வருடம் நான் யார் தப்பையும் சும்மா விட்டதில்லை. என் தப்பு இவ்வளவு தூரம் வந்து என் கையிலேயே சிக்கியதில் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அடியில் எங்கோ ஒரு சந்தோஷமும் இருந்தது. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தமாதிரி.

மாலை 8.00

வெளியே சிவநேசன் நின்றிருந்தார். அறுபது வயது, உயரம், முகத்தில் சிரிப்பே இல்லை. “வாங்கோ மேடம். பயணம் சுகமோ? ராவ் பதினொரு மணித்தியாலம் எண்டார். களைப்பில்லைத்தானே?” என்றார். ராவ் சாரை மனதுக்குள் நன்றாக வாழ்த்தினேன்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று தெரியும். “உங்க வெர்னியர் சரியாத்தான் இருக்கு சார். நான்தான் தப்பா அளந்துட்டேன். உங்கள அப்படிப் பேசினதுக்கு மன்னிச்சுக்கோங்க.” மடியில் இரண்டு புஷ்களையும் வைத்து நடந்ததைக் காட்டினேன்.

அவர் வண்டியைக் கிளப்பவில்லை. “நான் அப்பவே சொன்னனான்” என்றார். “நீங்கள் என்ர வேர்னியர் தேஞ்சு போச்செண்டு சொன்னியள். நான் புதுசு ஒண்டு வாங்கினனான், தெரியுமோ? அதிலயும் அதே அளவுதான் காட்டினது.”

நான் புஷ்களைக் கைப்பைக்குள் வைத்ததும் அவர் வண்டியைக் கிளப்பினார்.

“சரி. நாளைக்குப் பதினொரு மணிக்கு ஆக்கள் வருகினம். இப்ப என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோ.”

“முதல்ல உங்க குளிர் அறைக்குப் போகணும் சார். அப்புறம் காலைல ஏழு மணிக்கு எனக்கு ஒரு லேத் வேணும்.”

ஸ்கார்பரோ அங்கிருந்து சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். ஒருபக்கம் ஏழெட்டு வரிசையாக வண்டிகள் போகும் சாலை, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. பரோட்டாத் தொழிற்சாலையின் குளிர் அறையில் எங்கள் இயந்திரம் வாய் பேசாமல் நின்றது. அதன் மேலேயே நான்கு புஷ்களையும் அளவுக் கட்டையையும் என் வெர்னியரையும் வரிசையாக வைத்தேன். எல்லாம் ஒரே குளிரில் கிடக்கட்டும். என் பெயர் போட்ட பழைய அட்டை ஒன்று பக்கத்து மேஜையில் கிடந்தது. அதைப் பார்க்காதமாதிரி வந்துவிட்டேன்.

புதன், காலை 5.40

சிவநேசன் வீட்டில் அவர் மனைவி கொடுத்த இடியாப்பத்தையும் சொதியையும் சாப்பிட்டுவிட்டு, அவருடைய பனிக்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு குளிர் அறைக்குள் போனேன். கோட்டின் கை என் விரல்களை மூடியது. சுவரில் நான்கு டிகிரி. ஒவ்வொரு புஷ்ஷையும் மூன்று இடத்தில் அளந்தேன். 59.92. 59.92. 59.92. நான்காவதும் அதேதான். சிவநேசன் படத்தில் அனுப்பியிருந்த எண், ஒரு நூல்கூட மாறவில்லை. என் 60.10-இலிருந்து கழித்தால் 0.18. ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி வட்டம் போட்டேன்.

ஏழு மணிக்கு ஒரு போலந்துக்காரரின் சின்னப் பட்டறை. சிவநேசனுக்கு எப்போதாவது சாமான் செய்து கொடுப்பவர். உள்ளே காலை வைத்ததும் அந்த எண்ணெய் வாசனை. அப்படியே சனத்நகர். இருபது மணி நேரம் பறந்து வந்தும் எனக்கு இந்த ஊரில் முதன்முதலாக அந்நியமாக இல்லாத இடம் அதுதான். என் லேத்தை வெளியாள் தொடக்கூடாது என்று அவர் கறாராகச் சொன்னார். எங்கள் கொட்டகையிலும் அதே சட்டம் என்றேன். அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது.

காகிதத்தைக் காட்டினேன். உள் துளையில் இன்னும் 0.18 எடுக்க வேண்டும், வெளிப்பக்கம் நான்கு போல்ட்டில் இறுகி நிற்கும், அதைத் தொட வேண்டாம். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து, எந்த வெப்பநிலையில் அளந்தாய் என்று கேட்டார். நான்கு டிகிரி என்றேன். அந்த ஒரு பதிலைச் சொல்ல எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுதிக் காட்ட முடியாது.

நைலானை வேகமாகக் கடைந்தால் சூடேறி மறுபடி விரிந்து ஏமாற்றும். அதனால் மூன்று தடவையாக, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் புஷ் ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்தது. வெள்ளைச் சுருள் தேங்காய்த் துருவல்போல உதிர்ந்துகொண்டிருந்தது. சிவநேசன் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சுவருக்கும் கதவுக்கும் நடந்தார். இரண்டு புஷ் முடிய ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது.

காலை 9.35

மறுபடி குளிர் அறை. அரை மணி நேரம் தொடாமல் விட வேண்டும் என்றேன். “நேரமில்லை மேடம்” என்றார். “அவசரப்பட்டுத்தான் சார் ரெண்டு தடவ கெட்டுது” என்று சொல்லிவிட்டு நகராமல் நின்றேன். பத்து ஐந்துக்கு அளந்தேன். 60.10. இரண்டாவது, 60.10.

இயந்திரத்தின் தண்டைத் துடைத்து, முதல் புஷ்ஷை விளிம்பில் வைத்தேன். தொழிற்சாலைப் பெண்கள் ஆறேழு பேர் மாவுக் கையுறையோடு வந்து நின்றிருந்தார்கள். நான் தள்ளவில்லை, கையை வைத்தேன், அவ்வளவுதான். வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. சனத்நகரில் போனதுபோலவே. அடுத்த பக்கமும் ஏறியது. போல்ட்டை முடுக்கிவிட்டு, நானே பொத்தானை அழுத்தினேன்.

முதல் உருண்டை விழுந்தது. அப்புறம் இரண்டு, நான்கு, பிறகு எண்ண முடியவில்லை. ஒரே அளவில் மாவு உருண்டைகள் பெல்ட்டில் வரிசை கட்டிக்கொண்டு போயின. அந்தப் பெண்கள் கைதட்டினார்கள். சிவநேசன் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றவர், திடீரென்று சத்தம் போட்டார். “தங்கச்சி, ஓடுது! பாருங்கோ, ஓடுது தங்கச்சி!”

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன். ஒருவரும் நம்பவில்லை.

கடைத்தொடரின் ஆட்கள் பதினொன்று ஐந்துக்கு வந்தார்கள், மூன்று பேர். இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள், நைலான் புஷ்ஷைக் கையால் தடவி, உலோகத் தூள் விழாதா என்று கேட்டார்கள். விழாது என்று சிவநேசன் என்னைக் காட்டினார். “இவாதான் செய்து தந்தவா. இந்தியாவில இருந்து வந்தவா” என்று தமிழில் தொடங்கிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அன்று மாலையே அவர் ராவ் சாருக்குப் போன் செய்து, புது இயந்திரம் நான்கும் வேண்டும் என்றார். குளிருக்கு அளந்து செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். லதாவுக்கு ‘ஏறிச்சு’ என்று ஒரே சொல்லில் செய்தி அனுப்பினேன். கூடவே, நீ சொன்னதுதான் சரி என்றும் எழுதினேன்.

வெள்ளி, புறப்பாடு

உபரியாகக் கொண்டுவந்த மிச்சம் இரண்டு புஷ்களையும் வியாழக்கிழமை கடைந்து முடித்தோம். ஒரு மத்தியானம் சிவநேசனின் மனைவி ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடல் என்று நினைத்தேன், குடிக்கிற தண்ணீராம். விமான நிலையத்தில் இறக்கிவிட்டபோது சிவநேசன் ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்தால், மார்ச்சில் நான் அனுப்பிய முதல் புஷ், ‘ஓகே – கே.எம்.’ அட்டையோடு.

“இதை நான் எறிய இருந்தனான். நீங்களே வச்சிருங்கோ தங்கச்சி” என்றார். திட்டுகிறாரா, பரிசு கொடுக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

திரும்பி வருகிற வழியில் சூரியன் எதிர்ப்பக்கமாக ஓடியது. போகும்போது கிடைத்த ஒன்பதரை மணி நேரத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டது. கைக்கடிகாரத்தை நான் கடைசிவரை மாற்றவே இல்லை, அதனால் ஷம்ஷாபாத்தில் இறங்கியபோது அது மட்டும் சரியான நேரத்தில் இருந்தது. வெளியே நாற்பத்தொரு டிகிரி. கைப்பையைத் திறந்து மார்ச் மாதப் புஷ்ஷைத் தொட்டுப் பார்த்தேன். இந்நேரம் நிம்மதியாக விரிந்துகொண்டிருக்கும்.

திங்கட்கிழமை கொட்டகைக்குப் போனால் என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டு ஃபிரிட்ஜ் நிற்கிறது. ராவ் சார் மோண்டா மார்க்கெட் பக்கம் பிடித்தாராம், மூவாயிரத்து ஐநூறு. இனி நைலான் எல்லாம் அதில் ஒரு இரவு கிடந்த பிறகுதான் அளவு. மத்தியானத்தில் சிலர் அதில் மோர் பாட்டிலையும் வைக்கிறார்கள், நான் பார்க்காதமாதிரி இருக்கிறேன். அட்டைகளைப் புதிதாக அச்சடிக்கச் சொன்னேன். ‘ஓகே’வுக்கு மேலே இப்போது இன்னொரு கட்டம் இருக்கிறது, வெப்பநிலைக்கு.

எல்லாரும் டீ குடிக்கிற நேரத்தில் லேத் ஓட்டும் யாதய்யா, டொரண்டோ எவ்வளவு தூரம் என்று கேட்டார். “டொரண்டோ கித்னா தூர், அக்கா?”

விமானத்தின் திரைப்படி 13,450 கிலோமீட்டர். ராவ் சார் கணக்கில் பதினொன்றேகால் மணி நேரம், என் கைக்கடிகாரத்தில் இருபதே முக்கால். ஆனால் யாதய்யாவுக்கு நான் சொன்ன பதில் வேறு. இங்கிருந்து அங்கே 0.18 மில்லிமீட்டர். நான்கு டிகிரியில் நானே அளந்தது, கீழே என் கையெழுத்து இருக்கிறது.